டர்போ காருக்குப் பவர் ஏற்றப் போகிறீர்களா? கிளட்ச்சிலிருந்து தொடங்குங்கள்

நாங்குநேரி டோல்கேட்டைத் தாண்டி வள்ளியூர் பக்கம் போய்க்கொண்டிருந்தேன். ஐந்தாவது கியரில் ஆக்சிலரேட்டரை அழுத்தினதும் ஆர்.பி.எம். முள் சர்ரென்று ஏறியது. வண்டி மட்டும் ஏறவில்லை. கொஞ்ச நேரத்தில் கருகின வாடை. எஞ்சின் கணினியின் (ஈ.சி.யூ.) மென்பொருளை மாற்றிப் பவர் ஏற்றும் ரீமேப் போட்டு ஆறு வாரம்கூட ஆகவில்லை.

டோ வண்டியில் ஏற்றிப் பாளையங்கோட்டைக்குக் கொண்டுவந்து இறக்கினபோது எங்கள் மெக்கானிக் அண்ணாச்சி திட்டவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "எஞ்சினுக்குப் பலம் ஏத்திட்டீங்க தம்பி, சரி. அந்தப் பலத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோறது யாருன்னு பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. ரீமேப்புக்கு 38,000 ரூபாய் கொடுத்திருந்தேன். அப்புறம் கிளட்ச் செட்டுக்கும் ரிலீஸ் பேரிங்குக்கும் கூலிக்குமாக 27,000. டோ வண்டிக்கு 3,500. பாகம் வருவதற்குப் பதினொரு நாள் பஸ்ஸில் போய்வந்தேன். வேலையைச் சரியான வரிசையில் செய்திருந்தால் இதில் பாதித் தொல்லை மிச்சம். அந்த வரிசையைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். என் வண்டி ஒரு லிட்டர், மூன்று சிலிண்டர், டர்போ பெட்ரோல், ஆறு கியர் மேனுவல். இரண்டாம் கையாக வாங்கியது, அப்போது 62,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. டீசல் வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பாலானவை பொருந்தும்.

1. எங்கே ஓட்டப்போகிறீர்கள் என்று எழுதி வையுங்கள்

"150 குதிரைத்திறன் வேண்டும்" என்று ஆரம்பிக்காதீர்கள். எந்த ரோட்டில், எந்தக் கியரில், என்ன குறை என்று எழுதுங்கள். பணகுடி, காவல்கிணறு பக்கம் காற்றாலை இறக்கையை ஏற்றிக்கொண்டு நீளமாக ஊர்ந்து போகும் டிரெய்லரைச் சட்டென்று முந்த வேண்டும் என்பது என் தேவை. அதற்கு வேண்டியது 2,000 முதல் 4,000 ஆர்.பி.எம். வரை நல்ல முறுக்குவிசை, அதாவது டார்க். உச்ச குதிரைத்திறன் வேறு சமாச்சாரம்.

இரண்டுக்கும் உள்ள தொடர்பு ஒரு சின்னக் கணக்கு. நியூட்டன் மீட்டரை ஆர்.பி.எம்.மால் பெருக்கி 9,549-ஆல் வகுத்தால் கிலோவாட். அதை 1.36-ஆல் பெருக்கினால் பி.எஸ்., அதாவது மெட்ரிக் குதிரைத்திறன். என் வண்டியின் 175 நியூட்டன் மீட்டர், 4,000 ஆர்.பி.எம்.மில் சுமார் 100 பி.எஸ். அதே ஆர்.பி.எம்.மில் 225 நியூட்டன் மீட்டர் என்றால் 128 பி.எஸ். உச்ச எண் பெரிதாக மாறாவிட்டாலும் நடுவில் இவ்வளவு கிடைத்தால் ரோட்டில் அது போதும். விற்பவர்கள் உச்ச எண்ணைத்தான் சொல்வார்கள். நீங்கள் முழு வரைகோட்டையும் கேளுங்கள்.

கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தய ட்ராக்கில் ஓட்டிப் பார்க்கும் ஆசை இருந்தால் அதைத் தனியாக எழுதுங்கள். ட்ராக் வண்டிக்கும் தினம் வீட்டுக்கு வந்துபோகும் வண்டிக்கும் ஒரே திட்டம் போட்டால் இரண்டுக்கும் உதவாது.

2. வண்டி இன்னும் வாங்கவில்லையா? டிரைவ்டிரெயினை (எந்தச் சக்கரம் இழுக்கிறது என்பதை) பார்த்து வாங்குங்கள்

முன்சக்கர இழுவை வண்டியைப் பின்சக்கர இழுவையாக மாற்றலாமா என்று ஒரு தம்பி என்னிடம் கேட்டார். செய்யலாம். தரைத்தளத்தை வெட்டி, பின்னால் போகும் சுழல் தண்டுக்கு டனல் கட்டி, பின் டிஃபரென்ஷியல் வைத்து, கடைசியில் ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப்போகாத ஒரு வண்டியை வீட்டில் நிறுத்திக்கொள்ளலாம். எந்தச் சக்கரம் இழுக்க வேண்டும் என்பதை வாங்கும் நாளிலேயே முடிவு செய்துவிட வேண்டும். பிறகு மாற்றும் விஷயம் இல்லை அது.

நம் பட்ஜெட்டில் கிடைக்கும் டர்போ ஹேட்ச்பேக், செடான், சின்ன எஸ்.யூ.வி. எல்லாம் அநேகமாக முன்சக்கர இழுவை. அதில் எவ்வளவு டார்க் பயன்படும்? ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். முதல் கியர் விகிதம் 3.5, இறுதி விகிதம் 4, சக்கர ஆரம் 31 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 175 நியூட்டன் மீட்டருக்கு டயர் ரோட்டைத் தள்ளும் விசை சுமார் 800 கிலோ. ஓட்டுநரோடு வண்டி 1,150 கிலோ, அதில் 60 சதவீதம் முன்னால் என்றால் 690 கிலோ. காய்ந்த தார் ரோட்டில் பிடிமானம் அதில் பத்தில் ஒன்பது பங்கு, அதாவது 620 கிலோ. கம்பெனி கொடுத்த டார்க்கே முதல் கியரில் டயரைச் சுற்ற வைத்துவிடும்! 225-க்கு ஏற்றினால் முதல் கியரில் புகைதான் அதிகமாகும்.

இரண்டாவது கியரில் (விகிதம் 2) ரீமேப்புக்குப் பிறகு 590 கிலோ வருகிறது, அதாவது பிடிமானத்தின் விளிம்பு. வண்டி பாயும்போது பாரம் பின்னால் சாய்வதால் அந்த விளிம்பும் இன்னும் கொஞ்சம் கீழே இறங்கும். ஐப்பசி மழையில் வண்ணார்பேட்டை மேம்பாலத்தில் ஏறும்போது ஸ்டியரிங் கையை இழுப்பது இதனால்தான். மூன்றாவது கியரில் (விகிதம் 1.4) விசை 320-லிருந்து 415 கிலோவாகிறது. அவ்வளவும் ரோட்டுக்கு வந்து சேர்கிறது. முன்சக்கர வண்டியில் ஸ்டேஜ் 1 (பாகங்களை மாற்றாமல் மென்பொருளை மட்டும் மாற்றும்) ரீமேப்பின் நிஜப் பலன் மூன்றாவது கியரிலிருந்துதான். அதற்கு மேல் டார்க் ஏற்ற ஆசைப்பட்டால் ஒரு சக்கரம் வழுக்கினாலும் மற்றதுக்கு விசையைக் கொடுக்கும் லிமிடெட் ஸ்லிப் டிஃபரென்ஷியலுக்கும் நல்ல டயருக்கும் பணம் எடுத்து வைக்க வேண்டும்.

பின்சக்கர இழுவையில் வண்டி பாயும்போது பாரம் இழுக்கும் சக்கரத்தின் மேலேயே விழுவதால் டார்க் அதிகமான எஞ்சினுக்கு அதுதான் பொருத்தம். 2023-இல் வந்த பின்சக்கர இழுவை மஹிந்திரா தாரின் 2 லிட்டர் டர்போ பெட்ரோல் இந்த வகை. இரண்டாம் கை ஜெர்மன் செடான்களும் உண்டு. ஆனால் வாங்கும் விலையைப் பார்த்து மயங்காதீர்கள், அவற்றைப் பராமரிக்கும் செலவே தனி.

நான்கு சக்கர இழுவை என்றால் பிடிமானக் கவலை போய்விடும், கிளட்ச்சின் கவலை வந்துவிடும். முன்சக்கர வண்டியில் தாங்க முடியாத டார்க் வந்தால் டயர் வழுக்கி விட்டுக்கொடுத்துவிடும். நான்கும் பிடித்துக்கொண்டால் விட்டுக்கொடுக்க வேறு இடம் இல்லாமல் கிளட்ச் வழுக்கும். எடையும் கூடும், மைலேஜும் குறையும். நெல்லைச் சீமையில் ரோட்டில் மட்டும் ஓட்டுபவருக்கு இது தேவையே இல்லை என்பது என் அபிப்பிராயம். மாஞ்சோலை மலை ரோட்டைக் காட்டி என்னிடம் வாதாடியவர்கள் உண்டு. மணிமுத்தாறு செக்போஸ்டில் வனத்துறை விட்டால்தான் அதற்கு மேல் போகவே முடியும். போனாலும் அந்த வளைவுகளில் பவரைச் சோதிக்கவா போகிறீர்கள்?

3. கியர்பாக்ஸின் தாங்குதிறனைத் தெரிந்துகொள்ளுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். எஞ்சினுக்கு எவ்வளவு ஏற்றலாம் என்பதை எஞ்சின் தீர்மானிப்பதில்லை, அதன் பின்னால் இருப்பது தீர்மானிக்கிறது.

ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா வண்டிகளில் வரும் ஏழு கியர் உலர் கிளட்ச் டி.எஸ்.ஜி. (இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக்) பெட்டிக்கு டி.க்யூ. 200 என்று பெயர். அதன் தாங்குதிறன் 250 நியூட்டன் மீட்டர். ஒரு லிட்டர் டி.எஸ்.ஐ. (டர்போ பெட்ரோல்) எஞ்சின் தருவது 178. 1.5 லிட்டர் டி.எஸ்.ஐ. தருவது அதே 250. அதாவது 1.5 லிட்டர் வண்டி ஷோரூமிலிருந்து வரும்போதே கியர்பாக்ஸின் எல்லையில் நிற்கிறது. அதற்கு மேல் ஏற்றுவது உங்கள் பொறுப்பு. ஆக்டேவியா ஆர்.எஸ். 230-இல் வந்த ஆறு கியர் டி.க்யூ. 250, எண்ணெயில் மூழ்கிய ஈரக் கிளட்ச். 350 வரை தாங்கும், சூட்டையும் எண்ணெய் வழியாக வெளியே கொடுத்துவிடும்.

உலர் இரட்டை கிளட்ச்சுக்குப் பெரிய எதிரி ஊர்ந்து போகும் டிராஃபிக். குற்றாலம் சீசனில் தென்காசி ரோட்டில் அங்குலம் அங்குலமாக ஒரு மணி நேரம் நகர்ந்தவர்களுக்குத் தெரியும். அந்தச் சூட்டோடு கூடுதல் டார்க்கும் சேர்ந்தால் தட்டு சீக்கிரம் தேயும்.

கிளட்ச்சுக்குப் பதில் எண்ணெய் வழியாக விசையைக் கடத்தும் டார்க் கன்வர்ட்டர் ஆட்டோமேட்டிக் பொதுவாகப் பொறுமைசாலி. இசட்.எஃப். கம்பெனியின் எட்டு கியர் பெட்டிகளில் பெயரிலேயே தாங்குதிறன் இருக்கும்: 8ஹெச்.பி. 45 என்றால் சுமார் 450, 8ஹெச்.பி. 70 என்றால் 700. இந்த வகையில் கியர் எண்ணெயைக் காலத்தில் மாற்றினால் போதும். "லைஃப்டைம் எண்ணெய், மாற்றவே வேண்டாம்" என்று சொன்னால் ரீமேப் செய்த வண்டிக்கு அதைக் காதில் வாங்காதீர்கள். பெல்ட்டில் ஓடும் சி.வி.டி. ஆட்டோமேட்டிக் வைத்திருப்பவர்கள் டார்க் ஏற்றும் யோசனையையே விட்டுவிடுங்கள். கிளட்ச்சையும் கியரையும் தானே மாற்றிக்கொள்ளும் ஏ.எம்.டி. உள்ளே சாதாரண மேனுவல்தான், அதே கிளட்ச், அதே எல்லை.

மேனுவலில் கிளட்ச்சைச் சோதிக்க வழி எளிது. ஆள் இல்லாத நேரான ரோட்டில் நாலாவது அல்லது ஐந்தாவது கியரில் 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து முழுசாக அழுத்துங்கள். வேகம் ஏறாமல் ஆர்.பி.எம். மட்டும் தாவினால் கிளட்ச் ஏற்கெனவே முடிந்துவிட்டது. ரீமேப்புக்கு முந்தின நாள் இதை நான் செய்திருந்தால் வள்ளியூர் ரோட்டில் நின்றிருக்க மாட்டேன். 60,000 கிலோமீட்டரைத் தாண்டிய வண்டியானால் சோதனையில் தேறினாலும் புதுக் கிளட்ச்சுக்குப் பணம் ஒதுக்கிவிட்டுத்தான் மற்றதை யோசிக்க வேண்டும். கியர்பாக்ஸை இறக்கும்போதே எஞ்சினின் பின் ஆயில் சீலையும் மாற்றிவிடுங்கள், கூலி ஒரு தடவையோடு போகும்.

4. காகித வேலை

மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு சொல்வது இது: பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள், தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவுப்படி அப்படி மாற்றிய உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். காற்று மாசு, சத்தம் சம்பந்தப்பட்டது 190(2) பிரிவு. அதில் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும், கூடவே லைசென்ஸும் மூன்று மாதம் போகும்.

அதனால் புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைக் கழற்றுவது, டீசலில் கரியைப் பிடிக்கும் வடிகட்டியான டி.பி.எஃப்.-ஐக் காலி செய்வது, வெடிச் சத்த சைலன்சர் போடுவது, இந்த மூன்றும் என் பட்டியலில் கிடையாது. ஸ்டேஜ் 2 என்று விற்கப்படுவதில் பாதி இவைதான். ரீமேப் கண்ணுக்குத் தெரியாது. தெரியாததால் அது சட்டப்படி சரியாகிவிடாது, இன்ஷூரன்ஸ் கம்பெனியும் அப்படி எடுத்துக்கொள்ளாது. ட்ராக்கில் மட்டும் ஓட்டும் வண்டியை டிரெய்லரில் ஏற்றிப் போகிறவர்களுக்குத்தான் இந்தத் தலைவலி இல்லை.

ஆர்.சி.க்குக் கேடு வராமல் செய்யக்கூடியவையும் நிறைய இருக்கின்றன. நல்ல பிரேக் பேட், பிரேக் எண்ணெய், ஸ்பார்க் பிளக், உங்கள் மாடலுக்குத் தயாரிப்பாளரே குறிப்பிட்ட அளவுகளில் டயர், வலுவான கிளட்ச். வண்டி ஓடும் விதத்தில் இவையே பெரிய வித்தியாசத்தைத் தரும். எஞ்சினையே மாற்றுவது போன்ற பெரிய வேலை என்றால் பரிவாகன் தளத்தில் வாகன மாற்றத்துக்கு விண்ணப்பித்து, திருநெல்வேலிக்காரர்கள் டி.என். 72, தென்காசிக்காரர்கள் டி.என். 76 என்று அவரவர் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். வண்டியின் மேல் கடன் இருந்தால் வங்கியின் எழுத்துபூர்வமான சம்மதமும் வேண்டும்.

இன்ஷூரன்ஸுக்கு வேலை தொடங்குமுன் மின்னஞ்சல் அனுப்புங்கள். என்ன மாற்றம், என்ன விலை, யார் செய்கிறார் என்று நாலு வரி போதும். ஏற்றுக்கொண்டால் பிரீமியம் கூடும், அந்த மாற்றத்தைக் குறிக்கும் எண்டார்ஸ்மென்ட் பாலிசியில் வரும். மறுத்தால் மறுத்தது கையில் இருக்கும், விபத்துக்குப் பிறகு க்ளெய்ம் தள்ளுபடி ஆகலாம் என்று தெரிந்தே முடிவெடுக்கலாம். ஏஜென்ட் போனில் "ஒண்ணும் ஆகாது சார்" என்றதை நான் நம்பினேன். எழுத்தில் கேட்டபோது பதில் வேறு மாதிரி வந்தது.

வாரண்டி மிச்சமிருந்தால் அது முடியும்வரை பொறுங்கள். "சர்வீஸுக்கு விடும்போது பழைய சாஃப்ட்வேரை ஏற்றிவிட்டால் தெரியாது" என்பார்கள். பல வண்டிகளில் எத்தனை தடவை எழுதப்பட்டது என்பதையும் ஈ.சி.யூ. குறித்து வைத்திருக்கும்.

ஒரு கோப்பு போடுங்கள்: ஆர்.சி. நகல், பாலிசி, புகைச் சான்று, எல்லா பில்லும், டைனோ (வண்டியின் பவரை அளக்கும் கருவி) அறிக்கை, உங்கள் ஈ.சி.யூ.வின் அசல் ஃபைல். கடைசியாகச் சொன்னதை மறக்காமல் பென்டிரைவில் கேட்டு வாங்குங்கள். வண்டியை விற்கும் நாளில் அது இல்லாமல் திண்டாடுவீர்கள்.

5. வண்டிக்கு உடம்பு சரியாக இருக்கிறதா?

வண்டியின் கணினியைப் போனோடு இணைக்கும் ஓ.பி.டி. டாங்கிள் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். 1,500 முதல் 3,000 ரூபாய்க்குள் நல்லதே கிடைக்கும். போனில் பதிவு செய்ய வேண்டியவை: ஈ.சி.யூ. கேட்ட பூஸ்ட் (டர்போவின் காற்றழுத்தம்) எவ்வளவு, கிடைத்த பூஸ்ட் எவ்வளவு, உள்ளிழுக்கும் காற்றின் சூடு, இக்னிஷன் டைமிங் எவ்வளவு பின்வாங்குகிறது, ஃபியூயல் டிரிம், மிஸ்ஃபயர். கேட்டதும் கிடைத்ததும் தள்ளி நின்றால் ஹோஸில் எங்கோ கசிவு. அதைச் சரி செய்தால், ரீமேப் இல்லாமலேயே பாதிப் பவர் திரும்பி வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

கம்ப்ரஷன் சோதனை, ஸ்பார்க் பிளக், இக்னிஷன் காயில், எஞ்சின் மவுண்ட் எல்லாம் இந்தக் கட்டத்தில். நேரடி எரிபொருள் தெளிப்பு உள்ள சின்ன டர்போ எஞ்சின்களில் குறைந்த ஆர்.பி.எம்.மில் சிலிண்டருக்குள் எரிபொருள் முன்கூட்டியே பற்றிக்கொள்ளும் கோளாறு ஒன்று உண்டு, பிஸ்டனையே உடைக்கும். அதைக் குறைக்கவும் சேர்த்துத்தான் ஏ.பி.ஐ. எஸ்.பி. தர எண்ணெய் வந்திருக்கிறது. உங்கள் கையேடு சொல்லும் தரத்தோடு அதுவும் டப்பாவில் இருக்கிறதா பாருங்கள். 1,400 ஆர்.பி.எம்.மில் ஆறாவது கியரைப் போட்டுக்கொண்டு ஆக்சிலரேட்டரை மிதிக்கும் பழக்கத்தை விடுங்கள். ரீமேப்புக்குப் பிறகு இது இரட்டிப்பு ஆபத்து.

6. பாளை வெயிலும் பெட்ரோலும்

டர்போ காற்றை அழுத்துகிறது, அழுத்தினால் காற்று சூடாகிறது. இன்டர்கூலர் அதை வெளிக்காற்றால் ஆற்றுகிறது. அக்னி நட்சத்திரத்தில் பாளையங்கோட்டையில் 40 டிகிரி இருக்கும்போது ஆற்றுவதற்கு எங்கே குளிர்ந்த காற்று? சூடான காற்று உள்ளே போனால் நாக்கிங் (எரிபொருள் தாறுமாறாக வெடிப்பது) வரும், ஈ.சி.யூ. டைமிங்கைப் பின்னுக்கு இழுக்கும், ஏற்றிய பவர் காணாமல் போகும். ஜனவரியில் காலை நேரத்தில் டைனோவில் காட்டிய எண்ணை மே மாத மதியம் எதிர்பார்க்காதீர்கள். பணம் மிச்சமிருந்தால் சத்தத்துக்குச் செலவழிக்காமல் இன்டர்கூலருக்குச் செலவழியுங்கள்.

பெட்ரோல் விஷயத்தில், பிரீமியம் பெட்ரோலுக்கு மேப் எழுதச் சொல்லிவிட்டுச் சாதா பெட்ரோல் போட்டு ஓட்டாதீர்கள். நீங்கள் வழக்கமாக நிரப்பும் பங்க்கில் பிரீமியம் வாரம் முழுக்கக் கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள். திசையன்விளை, ராதாபுரம் பக்கம் அடிக்கடி போகிறவரானால் சாதா பெட்ரோலுக்கே மேப் எழுதச் சொல்வதுதான் நிம்மதி. ஐந்து பி.எஸ். குறையும், அவ்வளவுதான்.

திறந்த கூம்பு ஏர் ஃபில்டரை நான் மாட்டி, கழற்றி, வீட்டில் வைத்திருக்கிறேன். பானட்டுக்குள் இருக்கும் சூடான காற்றையே அது உறிஞ்சும். தேரிக் காட்டுச் செம்மண் தூசிக்குக் கம்பெனியின் காகித ஃபில்டரை மிஞ்சியது இல்லை. கூலன்ட்டில் சாதாத் தண்ணீர் கலந்து சமாளிக்காதீர்கள், தாமிரபரணித் தண்ணீரே ஆனாலும் ரேடியேட்டருக்கு அது தண்ணீர்தான்.

7. பிரேக், டயர்

ரீமேப்புக்கு முன்பு இவை. நல்ல பேட், புது டாட் 4 எண்ணெய், இரண்டும் சேர்ந்து எனக்கு 8,000 ஆனது. பாபநாசத்திலிருந்து காரையாறு பக்கம் ஏறி இறங்கினால் பிரேக் பெடல் எப்படி மெத்தென்று ஆகிறது என்று தெரியும். அதுதான் உங்கள் பழைய எண்ணெயின் வயது.

டயரை அகலப்படுத்தினால் மொத்த விட்டம் மூன்று சதவீதத்துக்கு மேல் மாறக் கூடாது. 195/55 ஆர்16-இன் விட்டம் 621 மில்லிமீட்டர். 205/55 ஆர்16 என்றால் 632, அதாவது 1.8 சதவீதம் கூடுதல். ஸ்பீடோமீட்டர் அந்த அளவு குறைத்துக் காட்டும், பாதகமில்லை. உங்கள் மாடலின் மேல் வேரியன்ட்டுக்குத் தயாரிப்பாளர் அந்த அளவைக் கொடுத்திருக்கிறாரா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

8. ரீமேப் செய்பவரிடம் கேட்க வேண்டியவை

உச்ச எண்ணைக் கேட்காதீர்கள். டார்க்கை எந்த ஆர்.பி.எம்.மில் எவ்வளவுக்குக் கட்டுப்படுத்துவீர்கள் என்று கேளுங்கள். 2,000-த்திலேயே மொத்தத்தையும் கொட்டும் மேப் ஓட்டும்போது ஆளை அசத்தும், கிளட்ச்சையும் கனெக்டிங் ராடையும் தின்னும். 2,800-க்கு மேல் மெதுவாக ஏற்றும் மேப் சலிப்பாகத் தெரியும், நீடிக்கும். நான் இப்போது ஓட்டுவது இரண்டாவது வகை, 210 நியூட்டன் மீட்டரில் நிறுத்தச் சொன்னேன்.

முன்னும் பின்னும் ஒரே நாளில் ஒரே டைனோவில் மூன்று மூன்று ஓட்டம் வேண்டும் என்று கேளுங்கள். சக்கரத்தில் அளந்ததா, எஞ்சினுக்குக் கணக்குப் போட்டுச் சொன்னதா என்றும் கேளுங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் கியர்பாக்ஸ் கணினியையும் சேர்த்துச் சரிசெய்வாரா? மே மாதத்தில் லாக் (டாங்கிள் பதிவு) அனுப்பினால் ஒரு தடவை இலவசமாகத் திருத்தித் தருவாரா? இதையெல்லாம் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். "பட்பட்" சத்த மேப்பை இனாமாகத் தருவதாகச் சொன்னால் கையெடுத்துக் கும்பிட்டுவிடுங்கள். எரியாத பெட்ரோல் எக்ஸாஸ்ட்டில் போய் வெடிக்கும் சத்தம் அது; கேட்டலிட்டிக் கன்வர்ட்டரும் டர்போவும்தான் அதற்கு விலை கொடுக்கும். ஈ.சி.யூ.வைத் தொடாமல் சென்சாரை ஏமாற்றும் டியூனிங் பாக்ஸும் எனக்கு உடன்பாடில்லை.

9. செலவும் நாளும்

ஒழுங்கான வரிசையில் செய்திருந்தால் என் பில்கள் இப்படி வந்திருக்கும்: பரிசோதனை, பிளக், எண்ணெய் 9,000, கிளட்ச் 27,000, பிரேக் 8,000, நாலு டயர் 32,000, ரீமேப் 38,000, டைனோ 4,000. மொத்தம் 1,18,000 ரூபாய். ரீமேப்பின் விலையைப் போல மூன்று மடங்கு! இந்தக் கணக்கைப் பார்த்து "வேண்டாம்" என்று தோன்றினால் டயரும் பிரேக்கும் மட்டும் போட்டு நிறுத்திக்கொள்ளுங்கள், நஷ்டமில்லை. இதில் பத்தில் இரண்டு பங்கு கூடுதலாகக் கையில் வைத்திருங்கள், ஏதாவது ஒன்று கட்டாயம் உடையும்.

காகித வேலைக்கு ஒரு மாதம், பாகங்கள் வந்து சேர இரண்டு வாரம். புதுக் கிளட்ச் போட்டதும் 800 கிலோமீட்டராவது அடக்கி ஓட்டுங்கள், அதற்கு முன் முழு டார்க்கைக் காட்டினால் தட்டு கண்ணாடிபோல் வழவழப்பாகிப் பிடிக்காமல் போய்விடும். ஐப்பசியில் தொடங்கினால் தை மாதம் டைனோவுக்குப் போகலாம். நான் கோயம்புத்தூர் போனேன், இங்கிருந்து 350 கிலோமீட்டர் சொச்சம். அதிகாலையில் கிளம்பி, மதியம் வேலை முடித்து, ராத்திரி திரும்பிவிடலாம் என்பது காகிதத்தில் மட்டும். ஒரு ராத்திரி தங்கும்படி திட்டமிடுங்கள். திரும்பி வரும் வழியில் லாக் எடுத்துப் பார்த்து, கோளாறு தெரிந்தால் மதுரையிலிருந்தே போன் பண்ணிக் கேட்கலாம்.

கிளம்புவதற்கு முதல் நாள் டிக்கியைத் திறந்து ஸ்டெப்னிக்குக் கீழே பாருங்கள். வண்டியை டைனோவில் கட்ட பம்பரில் திருகும் இழுவைக் கொக்கி அங்கேதான் இருக்கும். என் வண்டியில் அது இல்லை, பழைய ஓனர் எங்கேயோ தொலைத்திருந்தார். அதைத் தேடி காந்திபுரம் பக்கம் உதிரிபாகக் கடை கடையாக ஏறி இறங்கியே எனக்கு அரை நாள் போனது.